வேறு இன்ஜின், வேறு கியர்பாக்ஸ்: கிளட்ச் பிளேட், பைலட் பேரிங், ரிலீஸ் பேரிங் எதை எந்தப் பக்கம் பார்த்து எடுப்பது?

புதுக்கியர்:
எல்லாருக்கும் வணக்கம். நாலு சிலிண்டர் டீசல் இன்ஜின் ஒண்ணும், வேற கம்பெனியோட அஞ்சு கியர் பாக்ஸ் ஒண்ணும் கையில இருக்கு. பெல் ஹவுசிங் (கிளட்சை மூடுற கூடு) தனியா கழட்டுற மாதிரிதான். நடுவுல 20 மி.மீ. அடாப்டர் பிளேட் வெட்டி வாங்கியாச்சு, ரெண்டு பக்க போல்ட்டும் உட்காருது. உள்ளே என்ன போடுறதுங்கிறதுலதான் நிக்கிறேன். இன்ஜினோட வந்த கிளட்ச் செட் புதுசு. ஆனா பிளேட் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்ல நுழையவே மாட்டேங்குது. கிராங்க் முனையில ஷாஃப்ட் மூக்கைத் தாங்குற பைலட் பேரிங்குக்குள்ள மூக்கு லொடலொடன்னு ஆடுது. பெடலை மிதிச்சா பிரஷர் பிளேட்டோட (கிளட்ச் பிளேட்டை ஃப்ளைவீல்ல அழுத்திப் பிடிக்கிறது) ஸ்பிரிங் விரல்களை அமுக்குறது ரிலீஸ் பேரிங்; கியர்பாக்ஸோட வந்தது விரல்களோட நுனியை மட்டும்தான் தொடுது. கேட்ட இடத்துல ஒருத்தர் மொத்த செட்டையும் கியர்பாக்ஸ் வண்டிக்கு உள்ளதா வாங்கிடுங்கறார், இன்னொருத்தர் இன்ஜின் செட்டையே போட்டு ஷாஃப்டை மாத்துங்கறார். எதைக் கேக்கறது?

நெம்புகோல்:
ரெண்டுமே வேண்டாம் தம்பி. கியர்பாக்ஸ் வண்டியோட பிரஷர் பிளேட் உங்க ஃப்ளைவீல்ல (கிராங்க் முனையில சுத்துற கனமான சக்கரம்) போல்ட் ஓட்டைக்கு வராது, வந்தாலும் டோவல் பின் (இடம் பிசகாம பிடிக்கிற பின்) வராது. இன்புட் ஷாஃப்டை மாத்துறதுன்னா கியர்பாக்ஸையே பிரிக்கணும், அதோட பல்லு உள்ள மத்த கியரோட சேராது. பிளேட்டை மட்டும் மாத்துங்க. பைலட் பேரிங்கைப் பத்தி ரொம்ப யோசிக்க வேண்டாம், அது இல்லாமலே ஓடுற வண்டி எத்தனையோ இருக்கு.

லேத்மேசை:
நெம்புகோல் சொன்னதில் முதல் பாதி சரி. பைலட் பேரிங் விஷயத்தை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பைலட் பேரிங் இல்லாமல் ஓடும் வண்டிகளில் பெரும்பாலானவை முன்சக்கர இழுவை வண்டிகள். அவற்றின் இன்புட் ஷாஃப்ட் கியர்பாக்ஸுக்குள்ளேயே இரண்டு பேரிங்கில் நிற்கும். தம்பியிடம் இருப்பது நீளவாக்கில் வைக்கும் பாக்ஸ். அதில் இன்புட் ஷாஃப்டுக்கு முன்பக்கம் ஒரே ஒரு பேரிங்தான். ஷாஃப்டின் மறுமுனையைத் தாங்குவது கிராங்கில் இருக்கும் பைலட். அது இல்லாவிட்டால் மூக்கு தொங்கும், கிளட்ச் பிளேட் சாய்ந்து சுற்றும், கிளட்சை மிதித்தாலும் பிளேட் முழுதாக விடுபடாது. கொஞ்ச நாளில் பிளேட்டின் ஹப் ரிவெட் தளரும், முன் பேரிங்கும் போகும்.

தம்பி, மனதில் வைத்துக்கொள்ள வேண்டியது இதுதான். ஃப்ளைவீலும் பிரஷர் பிளேட்டும் இன்ஜினைச் சேர்ந்தவை. கிளட்ச் பிளேட்டின் வெளிவட்டம் இன்ஜினைச் சேர்ந்தது, நடு ஹப்பின் பல் கியர்பாக்ஸைச் சேர்ந்தது. பைலட் பேரிங்கின் வெளி அளவைக் கிராங்க் முடிவு செய்யும், உள் அளவை ஷாஃப்ட் மூக்கு முடிவு செய்யும். ரிலீஸ் பேரிங் எதன் மேல் நகர்கிறதோ அந்தக் குழாய் கியர்பாக்ஸுடையது, எதை அமுக்குகிறதோ அந்த விரல்கள் இன்ஜின் பக்கம். ஆக மூன்று பொருட்கள் இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக நிற்கின்றன. எந்தக் கடையிலும் "செட்" என்று கேட்டால் இந்த மூன்றும் சரியாகக் கிடைக்காததற்கு அதுதான் காரணம்.

வெர்னியர் வைத்து அளந்து போடுங்கள்: ஷாஃப்டில் எத்தனை பல், பல்லின் வெளி விட்டம், மூக்கின் விட்டமும் நீளமும், கிராங்க் துளையின் விட்டமும் ஆழமும், பெல் ஹவுசிங் முகத்திலிருந்து மூக்கு நுனி எவ்வளவு வெளியே நீட்டுகிறது. பிறகு பேசலாம்.

எண்ணெய்க்கை:
பல்லை எண்ணும்போது ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் போட்டுட்டு எண்ணு தம்பி. விட்டம் ஒண்ணா இருந்தா பல்லும் ஒண்ணாத்தான் இருக்கும்னு நம்பிடாதே. ஜெனரல் மோட்டார்ஸ் பாக்ஸ்களிலேயே 1⅛ அங்குல ஷாஃப்டில் 10 பல்லும் உண்டு, 26 பல்லும் உண்டு. ஃபோர்டு டைப் 9 பாக்ஸ் 1 அங்குலத்தில் 23 பல்லு. ஒண்ணுக்கு ஒண்ணு சேரவே சேராது.

புதுக்கியர்:
அளந்துட்டேன் அண்ணா. 21 பல்லு, வெளி விட்டம் 29 மி.மீ. மூக்கு 12 மி.மீ. விட்டம், 18 மி.மீ. நீளம். கிராங்க் துளை 35 மி.மீ., அதுல இப்ப இருக்கிறது 6202 பேரிங். பெல் ஹவுசிங் முகத்துல இருந்து மூக்கு நுனி 28 மி.மீ. வெளியே வருது. இன்ஜின் பிளாக் முகத்துல இருந்து கிராங்க் துளையோட அடிப்பாகம் 14 மி.மீ. உள்ளே இருக்கு. கிளட்ச் பிளேட் வெளி விட்டம் 228 மி.மீ.

லேத்மேசை:
அருமை. 6202 என்றால் உள்ளே 15, வெளியே 35, அகலம் 11. அதனால்தான் 12 மி.மீ. மூக்கு ஆடுகிறது. 12 உள் விட்டமும் 35 வெளி விட்டமும் கொண்ட பேரிங் கடைகளில் வழக்கமாகக் கிடைக்கும் வரிசையில் இல்லை. 6001 எடுத்தால் 12, 28, 8. 6201 எடுத்தால் 12, 32, 10. எதை எடுத்தாலும் மிச்ச இடத்துக்கு ஸ்லீவ் கடைந்தாக வேண்டும். 6201க்குச் சுவர் 1.5 மி.மீ.தான் மிஞ்சும், அழுத்தி ஏற்றும்போதே நெளியும். 6001க்கு 3.5 மி.மீ. சுவர் கிடைக்கும், அதையே எடுங்கள். இரண்டு பக்கமும் சீல் வைத்தது வேண்டும், கிளட்ச் தூசி அதற்குள் போகக் கூடாது.

ஸ்லீவை ஸ்டீலில் கடையச் சொல்லுங்கள். கிராங்க் துளையை விட 0.02 முதல் 0.03 மி.மீ. பெரிதாக இருந்தால் போதும். பேரிங் அமரும் உள்விட்டத்தையும் வெளிவிட்டத்தையும் ஒரே பிடியில், வேலையைச் சக்கிலிருந்து கழற்றாமல் கடைய வேண்டும். கழற்றித் திருப்பிப் பிடித்தால் அங்கேயே மையம் விலகிவிடும். பேரிங் உள்ளே போய்விடாமல் இருக்க ஓரத்தில் ஒரு படி விடுங்கள். பிறகு எப்போதாவது பிடுங்க வேண்டி வரும், அதற்கு எதிரெதிரே இரண்டு மரைத் துளை போட்டு வையுங்கள்.

இப்போது நீளம். மூக்கு 28 நீட்டுகிறது, அடாப்டர் 20. மிச்சம் 8 மி.மீ. பிளாக் முகத்தைத் தாண்டி உள்ளே போகும். துளையின் அடிப்பாகம் 14இல். ஆக 6 மி.மீ. இடைவெளி. 3 மி.மீ.க்குக் குறையாமல் இருந்தால் எனக்குத் திருப்தி, உங்களுடையது நன்றாகவே இருக்கிறது. பேரிங்கின் இன்ஜின் பக்க முகம் பிளாக் முகத்திலிருந்து 5 மி.மீ. உள்ளே வரும்படி ஸ்லீவை வையுங்கள். மூக்கு பேரிங்கை முழுதாகக் கடந்து 3 மி.மீ. மேலே போகும், மூக்கின் தடித்த தோள் பேரிங்கைத் தொடாது.

நெம்புகோல்:
அகலம் குறைந்த பேரிங்குக்குப் பதிலா வெண்கல புஷ் ஒண்ணு 35க்கு 12ன்னு கடைஞ்சு போட்டா வேலை முடிஞ்சுதே? பழைய ஜீப்புல எல்லாம் புஷ்தான். பேரிங்கை விட விலகலைப் பொறுத்துக்கும்.

லேத்மேசை:
புஷ் போடலாம், தப்பே இல்லை. மூக்கு தேய்ந்து 11.9க்கு வந்திருந்தால் நானே புஷ்தான் சொல்வேன், அந்த அளவுக்கே கடைந்துகொள்ளலாம். துளைகள் நிறைந்த, எண்ணெய் ஊறும் வெண்கலமாக இருக்க வேண்டும். போடும் முன் இன்ஜின் ஆயிலில் ஊற வையுங்கள். கிரீஸ் தடவாதீர்கள், அது துளைகளை அடைத்துவிடும். மொட்டை டூலால் உள்விட்டத்தை உரசினாலும் துளைகள் மூடிக்கொள்ளும். மூக்குக்கும் புஷ்ஷுக்கும் 0.05 முதல் 0.08 மி.மீ. இடம் விடுங்கள். ஊசி பேரிங் மட்டும் வேண்டாம். அது மையம் கொஞ்சம் விலகினாலும் மூக்கைத் தின்றுவிடும்.

ஆனால் "விலகலைப் பொறுத்துக்கும்" என்பதற்காகப் புஷ்ஷைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை. விலகல் இருந்தால் அதைத் திருத்த வேண்டும். இந்த மாதிரி ஜோடி சேர்க்கும் வேலையில் கிளட்ச் சாமான்களைக் குறை சொல்கிறோம், ஆனால் பாதிக்கு மேல் கோளாறு அடாப்டர் பிளேட்டில்தான் இருக்கும். தம்பி, அடாப்டரின் மையத்தை டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை முள்ளில் காட்டும் அளவி) வைத்துப் பார்த்தீர்களா?

புதுக்கியர்:
இல்லை அண்ணா. போல்ட் எல்லாம் உட்கார்ந்துச்சு, அதனால சரியா இருக்கும்னு நினைச்சேன்.

லேத்மேசை:
போல்ட் துளைக்குள் போல்ட் ஒரு மி.மீ. வரை ஆடும். மையத்தைப் பிடிப்பது டோவல் பின்தான். பெல் ஹவுசிங்கை மட்டும் கழற்றி, அடாப்டரோடு இன்ஜினில் மாட்டி இறுக்குங்கள். டயல் கேஜை ஃப்ளைவீலில் காந்தத்தால் நிறுத்தி, முள்ளை பெல் ஹவுசிங்கில் கியர்பாக்ஸின் முன் கவர் உட்காரும் வட்டத்தின் உள்சுவரில் வையுங்கள். கிராங்கைக் கையால் முழுச் சுற்று சுற்றி, அதிகபட்சமும் குறைந்தபட்சமும் குறித்துக்கொள்ளுங்கள். மொத்த ஆட்டம் 0.13 மி.மீ.க்குள் வர வேண்டும். டயல் காட்டுவது விலகலின் இரண்டு மடங்கு என்பதை நினைவில் வையுங்கள். அப்படியே முள்ளைக் கியர்பாக்ஸ் உட்காரும் முகத்துக்கு மாற்றி அதையும் பாருங்கள். முகத்தைப் பார்க்கும்போது கிராங்கை ஒரே பக்கம் தள்ளிப் பிடித்துச் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் கிராங்கின் முன்பின் ஆட்டமும் அளவில் சேர்ந்துவிடும்.

இரவுக்கராஜ்:
இடையில் ஒரு கேள்வி, மன்னிக்கவும். என் இன்ஜினில் இரட்டை எடை ஃப்ளைவீல். அதை எடுத்துவிட்டு ஒற்றை ஃப்ளைவீல் போட்டு வேறு பாக்ஸ் மாட்டப் போகிறேன். பழைய பிளேட்டின் நடுவில் ஸ்பிரிங்கே இல்லை. அதையே போடலாமா?

எண்ணெய்க்கை:
போடாதீங்க. இன்ஜினோட அதிர்வை வாங்கிக்கிற ஸ்பிரிங் அந்த ஃப்ளைவீலுக்குள்ளேயே இருந்ததால பிளேட்டில் வைக்கலை. ஒற்றை ஃப்ளைவீல் போட்டா அந்த வேலையைப் பிளேட்தான் செய்யணும், அதனால ஹப்பில் ஸ்பிரிங் உள்ள பிளேட்டா எடுங்க. அப்பவும் ஐடிலிங்கில் பாக்ஸுக்குள்ள கடகட சத்தம் முன்னை விட கேக்கும், டீசலில் இன்னும் கூடுதலா. ஃப்ளைவீலை மாத்தும்போது இன்னொண்ணும் பாருங்க: ரிங் கியரோட (ஃப்ளைவீலைச் சுத்தி இருக்கிற பல் வளையம்) பல் எண்ணிக்கையும் விட்டமும் உங்க ஸ்டார்ட்டருக்குச் சேரணும். சில வண்டியில ஸ்டார்ட்டர் கியர்பாக்ஸ் பக்க ஹவுசிங்கில் உட்காரும், அப்ப அதையும் புதுசா ஒத்துப் பாக்கணும்.

புதுக்கியர்:
டயல் வெச்சுப் பாத்தேன். முகம் நல்லா இருக்கு, 0.05க்குள்ள. வட்டம் மொத்தம் 0.42 மி.மீ. காட்டுது. மேலே இடது பக்கமா அதிகம். அடாப்டரைத் திரும்பச் செய்யணுமா?

லேத்மேசை:
0.42 என்றால் மையம் 0.21 மி.மீ. விலகி இருக்கிறது. இப்படியே மாட்டியிருந்தால் வண்டி ஓடும். கொஞ்ச நாள் கழித்து பைலட் சத்தம் போடும், முதல் கியரில் அதிர்வு வரும், நீங்கள் கிளட்ச் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

அடாப்டரைத் தூக்கிப் போட வேண்டாம். மையம் விலக்கிய டோவல் பின் கிடைக்கும். அங்குலக் கணக்கில் 0.007, 0.014, 0.021 என்று விற்கிறார்கள். 0.007 அங்குலம் என்பது ஏறக்குறைய 0.178 மி.மீ. அதைச் சரியான திசையில் திருப்பினால் மொத்த ஆட்டம் 0.36 குறையும், மிச்சம் 0.06தான். இரண்டு பின்னையும் ஒரே திசைக்குத் திருப்ப வேண்டும். ஒன்றை அதிகம், ஒன்றைக் குறைவு என்று திருப்பினால் ஹவுசிங் மையத்துக்கு வராமல் பக்கவாட்டில் சுழன்று நிற்கும். கிடைக்காவிட்டால் லேத்தில் 0.2 விலக்கிக் கடைந்துகொள்ளலாம், நாலு தாடைச் சக் இருந்தால் போதும்.

எண்ணெய்க்கை:
அவர் அதைச் செய்யற நேரத்துல பிளேட் விஷயத்தைச் சொல்லிடறேன். பெரிய கிளட்ச் கம்பெனிகளோட கேட்டலாக்கில் பல் எண்ணிக்கை, ஷாஃப்ட் அளவு, வெளி விட்டம் எல்லாம் எழுதியிருக்கும். 21 பல்லு, 29 மி.மீ., 225 முதல் 230க்குள்ள விட்டம்னு தேடு தம்பி. வேற ஏதாவது வண்டிக்கான பிளேட் அப்படியே ஒத்துவர வாய்ப்பு நிறைய. கிடைக்கலைன்னா, உன் புது பிளேட்டோட ஹப்பைக் கழட்டி கியர்பாக்ஸ் வண்டி பிளேட்டோட ஹப்பை ரிவெட் அடிச்சுத் தருவாங்க. ரிவெட் அடிச்ச பிளேட்டை வாங்கினதும் ஷாஃப்ட்ல ஏத்தி, ஓரத்துல டயல் வெச்சு ஆட்டம் பாரு. 0.8 மி.மீ.க்கு மேல ஆடினா திருப்பிக் கொடு.

மாட்டறதுக்கு முன்னாடி பிளேட்டை வெறும் கையால ஃப்ளைவீல்ல வெச்சுப் பாக்கணும். நடு ஹப் ஃப்ளைவீல் போல்ட் தலையில முட்டுதான்னு பாரு. இந்த ஜோடி வேலையில இது ரொம்ப நடக்கும். ஹப் வேற வண்டியோடதுங்கிறதால பின்பக்கம் எவ்வளவு நீட்டும்னு யாரும் கணக்குப் போடறதில்லை. முட்டினா பிரஷர் பிளேட்டை இறுக்கும்போது எதுவும் தெரியாது, ஆனா கிளட்ச் வழுக்கும், விடவும் விடாது. ஹப்பும் போல்ட் தலையும் தொடற இடத்துல களிமண் உருண்டை வெச்சு, எல்லாத்தையும் இறுக்கிட்டுக் கழட்டிப் பாரு. களிமண் 2 மி.மீ.க்கு மேல தடிமனா நின்னா கவலை இல்லை. பெரும்பாலான பிளேட்டில் ஸ்பிரிங் துருத்தற பக்கம் கியர்பாக்ஸைப் பாக்கும். கியர்பாக்ஸ் பக்கம்னு பிளேட்டிலேயே அச்சடிச்சும் இருக்கும்.

நெம்புகோல்:
ரிலீஸ் பேரிங்குக்கு வருவோம். தம்பி, விரல் நுனி தட்டையா, வளைஞ்சா? வளைஞ்ச விரலுக்குத் தட்டை முகப் பேரிங், தட்டை விரலுக்கு உருண்டை முகப் பேரிங். ரெண்டையும் மாத்திப் போட்டா விரல் அரிக்கும். கேரியர் (ரிலீஸ் பேரிங் ஏறி நிக்கிற துண்டு) கியர்பாக்ஸோடதையே வெச்சுக்கங்க, ஏன்னா அது முன் கவர் குழாய் மேல நகரணும். அதுல ஏற்ற பேரிங் மட்டும் பிரஷர் பிளேட் விரல் வட்டத்துக்குத் தகுந்தாப்ல வேற எடுங்க. இடைவெளி 2 மி.மீ. விட்டா போதும்.

புதுக்கியர்:
விரல் வளைஞ்சது, அதனால தட்டை முகம் எடுத்திருக்கேன். ஹைட்ராலிக் கிளட்ச். ஸ்லேவ் சிலிண்டர் (கிளட்ச் பக்கம் இருந்து தள்ளுற சிலிண்டர்) பேரிங்கை எப்பவும் லேசா விரல்ல சாய்ச்சே வெச்சிருக்கிற வகை. பேரிங்கைக் கடைசி வரை பின்னால தள்ளிட்டு அளந்தா, விரலுக்கும் பேரிங்குக்கும் 12 மி.மீ. இருக்கு. 2 மி.மீ.க்குக் கொண்டு வர கேரியரை 10 மி.மீ. நீளமாக்கணுமா?

லேத்மேசை:
ஆக்காதீர்கள்! அந்த 2 மி.மீ. என்பது கேபிள் கிளட்சில் பெடலைத் தொடாதபோது நிற்கும் விளையாட்டு இடைவெளி. உங்களுடையது தானே சரிசெய்துகொள்ளும் வகை. அதில் பார்க்க வேண்டியது, பேரிங் பின்னால் போக எவ்வளவு இடம் மிச்சம் என்பது. பிளேட் தேயத் தேயப் பிரஷர் பிளேட் ஃப்ளைவீலை நோக்கி நகரும், விரல்கள் எதிர்ப்பக்கம், பேரிங்கை நோக்கி வரும். பிளேட் 1 மி.மீ. தேய்ந்தால் விரல் நுனி 3, 4 மி.மீ. பின்னால் வரும். ஆயுள் முழுக்க 2 மி.மீ. தேய்கிறது என்று வைத்தால் 6 முதல் 8 மி.மீ. இடம் வேண்டும். நீங்கள் 2 மி.மீ. மட்டும் விட்டால் பாதி பிளேட் கூடத் தேயாத நிலையிலேயே பேரிங் பின்னால் கியர்பாக்ஸின் முன் கவரில் முட்டி விரல்களை அமுக்கிப் பிடிக்கும். கிளட்ச் வழுக்க ஆரம்பிக்கும், பெடலில் எதுவும் தெரியாது.

அதற்காக 12ஐ அப்படியே விடவும் முடியாது. ஸ்லேவின் ஓட்டத்தைக் கணக்குப் போடுங்கள். மாஸ்டர் (பெடல் பக்க சிலிண்டர்), ஸ்லேவ் விட்டம் என்ன, ஃபோர்க் (பேரிங்கைத் தள்ளும் நெம்பு) விகிதம் என்ன, ஸ்லேவின் முழு ஓட்டம் எவ்வளவு?

புதுக்கியர்:
மாஸ்டர் 15.87, ஓட்டம் 30. ஸ்லேவ் 20.64, முழு ஓட்டம் 38. ஃபோர்க் வெளிமுனை 1.8 நகர்ந்தா பேரிங் 1 நகருது.

லேத்மேசை:
மாஸ்டரின் பரப்பு சுமார் 198, ஸ்லேவின் பரப்பு சுமார் 335 சதுர மி.மீ. 30 மி.மீ. மிதித்தால் ஸ்லேவ் 17.7 நகரும், பேரிங் 9.8 நகரும். உங்களுடையது போல் ஸ்பிரிங் விரல்கள் உள்ள டயாஃப்ரம் கிளட்சுக்கு 8 முதல் 10 தேவை, ஆக ஹைட்ராலிக் ஜோடி பொருத்தமே.

ஆனால் பேரிங் விரலைத் தொடவே 12 மி.மீ. முன்னால் வர வேண்டும். அதற்கு ஸ்லேவ் 21.6 வெளியே வந்து நிற்கும். மிதிக்கும்போது மேலும் 17.7. மொத்தம் 39.3. முழு ஓட்டமே 38தான். பிஸ்டன் ஒருநாள் கழன்று வெளியே வரும், அது நடுச்சாலையில்தான் நடக்கும். கேரியரை 4 மி.மீ. மட்டும் நீட்டுங்கள். அப்போது 8 மி.மீ. இடம், ஸ்லேவ் 14.4இல் நிற்கும், மிதித்தால் 32.1. தேய்மானத்துக்கும் இடம் உண்டு, ஓட்டமும் தாண்டாது.

நெம்புகோல்:
சரியான கணக்கு, ஒத்துக்கறேன். புஷ்ராடை நீட்டினாலும் ஸ்லேவ் ஓட்டம் குறையுமே, கேரியரை ஏன் தொடணும்?

லேத்மேசை:
ஸ்லேவ் காப்பாற்றப்படும், ஃபோர்க் சாய்ந்துவிடும். பாதி மிதித்த நிலையில் ஃபோர்க் ஷாஃப்டுக்கு நேர்குறுக்காக நிற்க வேண்டும். முன்பக்கம் சாய்ந்தே வேலை செய்தால் பேரிங்கைக் குழாயின் ஒரு பக்கமாகத் தள்ளும். குழாயில் பள்ளம் விழும், பெடல் கரகரக்கும். கேரியரை நீட்டினால் ஃபோர்க் தன் பழைய கோணத்திலேயே இருக்கும்.

எண்ணெய்க்கை:
மாட்டும்போது பிளேட்டை மையப்படுத்த கடையில் விக்கிற பிளாஸ்டிக் கருவி உனக்கு ஆகாது. மூக்கு ஒரு வண்டி, பல்லு ஒரு வண்டி. பழைய இன்புட் ஷாஃப்ட் கிடைச்சா அதுதான் நல்லது, இல்லைன்னா 12 மி.மீ. மூக்கோட ஒரு தண்டு கடைஞ்சுக்கோ. பல்லில் சூடு தாங்கற கிரீஸைத் துளி தடவி, பிளேட்டை ஏத்தி இறக்கி, பிதுங்கினதைத் துடைச்சிடு. பிரஷர் பிளேட் போல்ட்டை எதிரெதிரா கொஞ்சம் கொஞ்சமா இறுக்கு. பாக்ஸை ஜாக்கில் தாங்கிக்கோ, அதோட கனம் ஒரு நிமிஷம் கூட பிளேட் ஹப்பில் தொங்கக் கூடாது. கடைசி 10 மி.மீ. வரலைன்னா போல்ட் போட்டு இழுக்காதே, கழட்டி ஏன்னு பாரு. போல்ட்டில் இழுத்தா பிளேட் ஹப்பும் பைலட்டும் போகும், மூக்கு அடியில் முட்டியிருந்தா கிராங்க் முன்பின் நகராம தடுக்கிற த்ரஸ்ட் வாஷரும் போகும்.

புதுக்கியர்:
மாட்டியாச்சு! டோவலுக்கு அப்புறம் வட்டம் 0.07 காட்டுச்சு. பாக்ஸ் கையால தள்ளினதுமே முகத்தோட முகம் ஒட்டிக்கிச்சு, போல்ட் இழுக்க வேண்டியே வரலை. வண்டி நகருது, வழுக்கல் இல்லை. ஒரே ஒரு சந்தேகம். நின்ன இடத்துல கிளட்சை மிதிச்ச உடனே ரிவர்ஸ் போட்டா கரகரங்குது. கொஞ்சம் பொறுத்துப் போட்டா அமைதியா விழுது. அப்புறம் பெடலை லேசாத் தொடும்போது மெல்லிசா ஒரு சத்தம்.

நெம்புகோல்:
லேசாத் தொடும்போது சத்தம்னா ரிலீஸ் பேரிங். முழுசா மிதிச்சு கியர்ல நிக்கும்போது சத்தம்னா பைலட், ஏன்னா அப்பதான் கிராங்க் சுத்தி ஷாஃப்ட் நிக்கும். மிதிக்காம நியூட்ரல்ல சத்தம் வந்து, மிதிச்சா நின்னா அது பாக்ஸோட முன் பேரிங். உங்களோடது தானே மையம் தேடுற வகைப் பேரிங்கா? கேரியர்ல பக்கவாட்டு ஆட்டம் இருக்கணும், இறுக்கமா ஏத்திட்டீங்களான்னு பாருங்க.

லேத்மேசை:
பல பாக்ஸ்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் வேகத்தைச் சமப்படுத்தும் வளையம்) இருக்காது. பிளேட் சுழன்று நிற்கக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதுவரை கரகரக்கும். உண்மையில் இழுக்கிறதா என்று பார்க்க, பின்சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முதல் கியரில் கிளட்சை முழுதாக மிதியுங்கள். பிரேக்கை லேசாகத் தொட்டதும் சக்கரம் நின்றால் பிளேட் விடுபட்டுவிட்டது. பிரேக்கை மீறிச் சுற்றினால் லைனில் காற்று இருக்கலாம், மறுபடி பிளீடிங் செய்து (காற்றை வெளியேற்றி) பாருங்கள்.

புதுக்கியர்:
பிரேக் தொட்டதும் நின்னுடுச்சு அண்ணா, இழுவை இல்லை. பேரிங் சத்தத்துக்கு ஆய்வுத் துளை வழியா பாத்தா, கேரியர்ல கிளிப் இறுக்கமா இருந்துச்சு. கிளிப்பை மாத்தினதும் சத்தம் போயிடுச்சு. அடுத்து யார் பிரிச்சாலும் தெரியணும்னு பிளேட் 21 பல்லு 29, பைலட் 6001, கேரியர் 4 மி.மீ. கூடுதல், டோவல் 0.007 மேல் இடதுன்னு பெல் ஹவுசிங் உள்பக்கம் பெயின்ட்ல எழுதியிருக்கேன். போட்டோ நாளைக்கு ஏத்தறேன்.

எண்ணெய்க்கை:
ரிலீஸ் பேரிங் நம்பரையும் சேத்து எழுது தம்பி, முதல்ல மாத்த வேண்டியது அதுதான். புது பிளேட், அதனால முதல் கொஞ்ச நாள் ஏத்தத்துல பாதி கிளட்ச்ல பிடிச்சு நிறுத்தாம ஓட்டு.